கரும்புள்ளி செம்புள்ளி

முதலாவது செம்புள்ளியைக் கதிர்காமநாதன் வேண்டாமென்று ஒதுக்கியதற்குக் காரணம், அது சிவப்பாக இல்லை என்பதுதான்.

"இது செம்மஞ்சள்," என்றார். தீப்பெட்டியளவு கண்ணாடிச் சாமான் ஒன்றைக் கையை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த பென்குயின் காந்தத்தின் மூக்கைக் குறி பார்த்துக்கொண்டிருந்தார். "சிவப்பு எண்டால் சிவப்பா இருக்கோணும். இது பப்பாசிப்பழ நிறம்."

"எனக்குச் சிவப்பாத்தான் தெரிஞ்சுது," என்றாள் சரோஜாதேவி, புட்டுக்கு மாக் குழைத்தபடி.

"உமக்குத் தெரியும். நீர் மேலோட்டமாப் பாக்கிறனீர்."

"சரியப்பா. நீங்கள் பாத்துச் செய்யுங்கோ."

இந்த வாக்கியத்தைச் சரோஜா கல்யாணமான நாளிலிருந்து சொல்லிவருகிறாள். அதைக் கேட்கும் ஒவ்வொரு தடவையும் கதிர்காமநாதனின் நெஞ்சு அரை அங்குலம் அகலும்.

ரெட் டொட் என்று உலகம் சொல்லும் சாமானுக்குச் செம்புள்ளி என்று பெயர் வைத்தவர் அவரேதான். ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளியில் பாடம் எடுப்பவர். வாயில் ஓர் ஆங்கிலச் சொல் அகப்பட்டால் அதற்கு வேட்டி கட்டாமல் வெளியே விடமாட்டார். சாமானின் வேலை எளிது. கைத்துப்பாக்கியின் முதுகில் பூட்டிவிட்டுக் கண்ணாடிக்குள் பார்த்தால் ஒரு சிவப்புப் புள்ளி மிதக்கும். புள்ளி எங்கேயோ, குண்டு அங்கே.

துப்பாக்கி சரோஜாவுடையது. ஒக்லாந்தில், மவுண்ட் வெல்லிங்டன் பகுதியில் இரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் அவளுக்கு வேலை. எந்த நரம்பும் அவளுடைய ஊசிக்கு முதல் தடவையிலேயே வழிவிட்டுவிடும். "இந்தக் கைக்குத் துப்பாக்கிதான் பொருத்தம்" என்று கூட வேலை செய்யும் ஒருத்தி விளையாட்டாகச் சொல்லி, ஒரு நாள் சுடும் கிளப்புக்குக் கூட்டிப்போனாள். போனவள் திரும்பி வரவில்லை என்றே சொல்லலாம்.

உரிமம் கொடுப்பதற்கு முன் வீட்டுக்கு வந்து விசாரித்த அதிகாரி கதிர்காமநாதனைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார்: "உங்கள் மனைவியிடம் துப்பாக்கி இருப்பதில் உங்களுக்குப் பயமில்லையா?"

"துவக்கு இல்லாமலே பயம்தான் ஐயா. இனி என்ன கூடப் போகுது?" என்றார் இவர். அதிகாரி சிரித்துவிட்டு எழுதிக்கொண்டு போனார்.

சரோஜாவின் கை சின்னது. ஆகவே அவள் வாங்கியதும் சின்ன ரகம். வேறு நாடுகளில் இடுப்பில் செருகிக்கொண்டு திரிவதற்கென்றே செய்தது. இங்கே நியூசிலாந்தில் அப்படித் திரிந்தால் கம்பி எண்ணவேண்டியதுதான். பூட்டிய பெட்டியில் வைத்து வீட்டிலிருந்து கிளப்புக்கும் கிளப்பிலிருந்து வீட்டுக்கும் கொண்டுபோகலாம், அவ்வளவே. அந்தப் பெட்டியின் சாவியும் அவளிடம், உரிமமும் அவளிடம். கதிர்காமநாதன் தான் தொடவே முடியாத ஒரு துப்பாக்கிக்குக் கண் தேடிக்கொண்டிருந்தார்.

தேடுவதற்கு வலுவான காரணம் இருந்தது. போன வருஷம் கிளப் அணியில் ஓர் இடத்துக்கான போட்டியில் சரோஜா ஒரே ஒரு புள்ளியில் தோற்றாள். வயது ஐம்பதைத் தாண்டியதும் துப்பாக்கியின் முனையில் இருக்கும் குறிமுள் அவளுக்கு மங்கத் தொடங்கியிருந்தது. காருக்குள் வந்து உட்கார்ந்து பெல்ட் போடும்வரை சிரித்த முகமாக இருந்தவள், பெல்ட் போட்டதும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். கதிர்காமநாதன் திருகப் போன கார்ச் சாவியிலிருந்து கையை எடுத்தார். சரோஜா அழுது அவர் பார்த்த தடவைகள் மிகக் குறைவு.

"அடுத்த வருஷம் உமக்கு நல்ல கண் ஒண்டு நான் எடுத்துத் தாறன். நீர் சுட்டால் போதும்," என்று அப்போது வாக்குக் கொடுத்தார்.

அந்த அடுத்த வருஷம் வந்துவிட்டது. தேர்வுப் போட்டிக்கு ஒரு மாதம்தான் இருந்தது.

ஒரு பொருளைத் தேர்ந்தெடுப்பதென்றால் கதிர்காமநாதன் சாமானிய ஆள் இல்லை. விரி என்ற பகுதியில் ஒரு பெரிய கிடங்கில் வந்திறங்கும் சாமான்களில் பிழை பிடிப்பதுதான் அவருடைய உத்தியோகம். அங்கே பிடித்தது போதாமல் வீட்டுக்கும் கொண்டுவருவார். சலவை மெசின் வாங்கியபோது அவர் ஆராய்ந்து முடிப்பதற்குள் குடும்பமே கையால் துவைக்கப் பழகிவிட்டது.

திங்கட்கிழமை, வேலை முடிந்து போகும் வழியில், முதலாவது செம்புள்ளியை மவுண்ட் வெல்லிங்டன் துப்பாக்கிக் கடையில் திருப்பிக் கொடுத்தார். கடையில் இருந்தவர் விநாயகமூர்த்தி, மலேசியாக்காரர். அவர் முகத்தில் எப்போதும் ஒரு சிரிப்பு இருக்கும். அது வாடிக்கையாளருக்காகவா, வாடிக்கையாளரைப் பார்த்தா என்று சொல்ல முடியாது.

"செம்மஞ்சளா? அப்படியா அண்ணே?" என்று மூர்த்தி மிகுந்த மரியாதையோடு கேட்டார். "பரவால்ல லா. அந்தக் குட்டித் துப்பாக்கி தலையில நேரா உட்கார்றது இந்த ஒரு கம்பெனி சாமான்தான். ஆனா கம்பெனி அஞ்சு மாடல் விடுது. பாத்துட்டுப் புடிக்கலன்னா திருப்பிக் குடுங்க. அடுத்தது வெள்ளிக்கிழம வரும்."

"இண்டைக்கே தரேலாதோ?"

"கப்பல் சாமான் அண்ணே. வெள்ளிக்கிழமதான்."

வெள்ளிக்கிழமை இரண்டாவது வந்தது, கறுப்புப் பெட்டியில். கதிர்காமநாதன் அதை உள்ளங்கையில் வைத்து மேலும் கீழும் அசைத்தார்.

"நிறம் திறம். ஆனால் பாரம்."

மேசையில் கணினியோடு இருந்த மகள் ராகவி நிமிர்ந்தாள். பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள், தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற பிள்ளை. "அப்பா, ஜஸ்ட் வெயிட் இட். கிச்சன் ஸ்கேல் இஸ் ரைட் தேர்."

"கொள்கலன் கொள்கலனாச் சாமானைக் கையில தூக்கிப் பாத்து எதில குறையுதெண்டு சொல்லுறவன் நான். எனக்குத் தராசோ? சரோ, நீர் தூக்கிப் பாரும். முந்தினதைவிடப் பாரமா இல்லையோ?"

சரோஜா மாக்கையைத் துடைத்துவிட்டுத் தூக்கிப் பார்த்தாள். "ஓம், நீங்கள் சொல்லேக்கை அப்பிடித்தான் இருக்கு."

"பாத்தியோ பிள்ளை! கொம்மாவுக்கே விளங்குது."

அதுவும் திங்கட்கிழமை திரும்பிப் போனது. புதன்கிழமை சரோஜா வேலை முடித்துக் கிளப்புக்குப் போய்ப் பழகிவிட்டு, வெஸ்ட்கேட் பகுதியிலிருக்கும் வீட்டுக்குள் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி வந்தாள். பாவம், மங்கின குறிமுள்ளோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறாள், துக்கத்தை மறைக்கப் பாடுகிறாள் என்று கதிர்காமநாதனுக்கு நெஞ்சு இளகியது.

"உமக்கு மனசுக்குள்ள கவலை. எனக்குத் தெரியும்," என்றார்.

"ஓம், இருக்கு."

"சொல்லும்."

"தேங்காய்ப்பூ முடிஞ்சுது. நாளைக்குப் புட்டுக்கு என்ன செய்யிறது?"

இவளுடைய பொறுமைக்குக் கோயில் கட்டலாம் என்று நினைத்துக்கொண்டார். தன்னால் தாமதமாகிறது என்ற குற்ற உணர்ச்சி குடைந்தது. அனுபவசாலிகளிடம் யோசனை கேட்டால் வேலை சுருக்காக முடியும் என்று தோன்றியது. அங்கேதான் சனியன் சடையை விரித்தாடியது.

கிளப்பில் சுடும் தமிழர்களுக்கு வாட்ஸப்பில் ஒரு குழு உண்டு. குறி தவறாதவர்கள் என்ற பெருமையில் அதற்கு 'அர்ச்சுனர்கள்' என்று பெயர். கோயில் குழுவின் பெயர் 'அர்ச்சனை'. கதிர்காமநாதன் சரோஜாவின் கணவர் என்ற முறையில் முதலாவதிலும், பக்தர் என்ற முறையில் இரண்டாவதிலும் இருந்தார். 'அர்ச்ச' என்று தட்டியதும் மேலே வந்ததைத் தொட்டு, இலக்கணச் சுத்தமாக எழுதி அனுப்பினார்:

'வணக்கம். சரோஜாதேவிக்குச் சின்னதாய், வட்டமாய், வெயிலிலும் மங்காத சிவப்புப் புள்ளி ஒன்று தேவை. இதுவரை வைத்துப் பார்த்தவை எதுவும் சரிவரவில்லை. அனுபவமுள்ளவர்கள் ஆலோசனை கூறவும்.'

அனுப்பிவிட்டுக் குளிக்கப் போனார். அவர் தலை துவட்டுவதற்குள் ஒக்லாந்து முழுவதும் ஆலோசனையில் இறங்கிவிட்டது.

'புள்ளியெண்டு வாத்தியார் பொட்டைத்தான் சொல்லுறார்' என்று ஒருத்தி விளக்கினாள். 'இந்த வயசிலும் மனுசிக்குப் பொட்டுத் தேடுறாரே, எங்கட வீட்டிலயும் இருக்கினமே' என்று இன்னொருத்தி பெருமூச்சு விட்டாள். மூன்றாமவளுக்கு வேறு சந்தேகம்: 'ஒண்டும் சரிவரயில்லையெண்டால்? சரோஜாக்கா பொட்டு வைக்கிறதை விட்டிட்டாவோ?' நான்காமவள் அதிலிருந்து கேள்விக்குறியை எடுத்துவிட்டாள். அதன் பிறகு வதந்திக்குக் கால் முளைக்க எவ்வளவு நேரமாகும்? புதன்கிழமைகளில் சரோஜா எங்கேயோ போய் வருகிறாள் என்பதும், சர்ச்சுகளில் புதன்கிழமையும் கூட்டம் நடக்கும் என்பதும் யாரோ ஒரு புத்திசாலியின் தலையில் ஒன்றாக முட்டிக்கொண்டன.

மறுநாள் பின்னேரம் கதவைத் தட்டியவள் லோஜனா. கோயிலில் மாலை கட்டும் குழுவுக்குத் தலைவி. கையில் ஒரு பை நிறையப் பொட்டுப் பக்கெற்றுகள்.

"அண்ணை, ஒண்டும் யோசிக்காதேயுங்கோ. மனுசருக்கு மனம் மாறுறது இயல்புதான். அன்பாக் கதைச்சுத் திருப்பிக் கொண்டுவரலாம்."

"எதைத் திருப்பிக் கொண்டுவாறது?"

"சரோஜாக்காவை."

"அவ குசினிக்குள்ளதானே நிக்கிறா!"

சரோஜா வெளியே வந்தாள். அவள் நெற்றியில் காலையில் வைத்த பொட்டு நன்றாகவே இருந்தது. லோஜனா அதைப் பார்த்துக் கண் கலங்கி, "வீட்டுக்குள்ள எண்டாலும் வைக்கிறா, முருகா!" என்று கும்பிட்டாள்.

விஷயம் விளங்கியதும் சரோஜா சிரித்துச் சிரித்துச் சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். கதிர்காமநாதனுக்குச் சிரிப்பு வரவில்லை. லோஜனா விடைபெறுவதற்குள்ளேயே, பிழையை உடனே திருத்துவது ஆசிரியன் கடமை என்று, அதே குழுவில் அதே சுத்தத் தமிழில் எழுதினார்:

'தவறாக விளங்கிக்கொள்ளப்பட்டது. புள்ளி நெற்றிக்கு அல்ல. துவக்குக்கு.'

 உடனே குழுவிலிருந்து ஒருவர் வெளியேறினார். அவர் பின்னால் இருவர். யாழ்ப்பாணத்திலிருந்து தப்பி ஓடிவந்து, நியூசிலாந்தில் மரக்கறித் தோட்டத்தைத் தவிர வேறு எதிலும் தலையிடாமல் வாழும் ஒரு முதியவர் தொலைபேசியில் கூப்பிட்டு, "தம்பி, உதுகளை ஃபோனிலை கதைக்காதேயும்" என்று சொல்லிவிட்டு, அதைச் சொன்னதும் ஃபோனில்தான் என்று நினைவு வந்து பட்டென்று வைத்தார். 'இங்கு ஆன்மீகம் மட்டும்' என்று ஓர் அறிவிப்பு வந்தது. அதற்கடுத்து, கதிர்காமநாதன் நீக்கப்பட்டார் என்ற அறிவிப்பு. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை.

அந்த வெள்ளிக்கிழமை மூர்த்தி கொடுத்த மூன்றாவது செம்புள்ளியை ஆற அமரப் பார்க்கவே அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. சனி, ஞாயிறு இரண்டும் வீடு வீடாகத் தொலைபேசி எடுத்து, இது விளையாட்டு, சட்டப்படியானது, சுடுவது காகிதத்தை என்று விளக்குவதில் போயின. பார்த்த அரைகுறையில், அந்த மொடலில் புள்ளி மிகவும் சின்னதாகத் தெரிந்தது.

"சின்னப் புள்ளி எண்டால் நுணுக்கமா அடிக்கலாம்தான்," என்று சரோஜாவுக்கு விளக்கினார். "ஆனால் கண்ணில படச் சுணங்கும். உம்மட வயசுக்கு..."

சரோஜா புட்டுக்குழலைக் கீழே வைத்தாள்.

"எங்கட வயசுக்கு," என்று அவசரமாகத் திருத்தினார், "கொஞ்சம் பெரிசா வேணும்."

"சரியப்பா. நீங்கள் பாத்துச் செய்யுங்கோ."

கதை 'அர்ச்சனை'யிலிருந்து 'அர்ச்சுனர்க'ளுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. பழனிவேலின் மனைவி பங்கஜம் கோயில் குழுவில் இருந்தாள். பழனிவேல் கோயம்புத்தூர்ப் பக்கம், கணினி வேலை, கிளப்பில் கெட்டிக்காரன். இந்த வருஷம் அணியில் இருக்கும் ஒரே வெற்றிடத்துக்குச் சரோஜாவோடு மோதப்போகிறவனும் அவன்தான். அவனுடைய துப்பாக்கியில் விலையுயர்ந்த செம்புள்ளி ஒன்று போன வருஷமே ஏறிவிட்டது.

"ஏனுங்ண்ணா, செம்புள்ளி தேடறீங்களாமா?" என்று ஃபோனில் கேட்டான். "கரும்புள்ளி டார்கெட் நடுவுல ஏற்கெனவே இருக்குதுங். செம்புள்ளியும் கெடச்சுட்டா, அப்பறம் கழுதை ஒண்ணுதானுங் பாக்கி."

பழனிவேல் நல்ல பையன், வேடிக்கைக்குத்தான் சொன்னான். ஆனால் அன்று கதிர்காமநாதனுக்குச் சோறு இறங்கவில்லை. சரோஜா தோற்றால் கழுதைமேல் ஏறவேண்டியவர் அவர்தான். வாக்குக் கொடுத்தது அவர். வாரக்கணக்காகப் பெட்டி மாற்றிப் பெட்டி திறந்துகொண்டிருப்பது அவர். காருக்குள் மறுபடியும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சரோஜா உட்கார்ந்தால், அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கும் தைரியம் தனக்கு இருக்காது என்பது நிச்சயமாகத் தெரிந்தது.

நான்காவது செம்புள்ளி வெள்ளைப் பெட்டியில் வந்தது. அதில் புள்ளி பெரிது, நிறம் சிவப்பு. ஆனால் சாமான் பஞ்சு போல் இலேசாக இருந்தது.

"நல்ல பொருளெண்டால் கையில வைச்சால் தெரியோணும்," என்றார். "இது விளையாட்டுச் சாமான்."

"போன முறை ஒண்டு பாரமெண்டு சொன்னீங்கள்," என்று சரோஜா நினைவூட்டினாள்.

"அது பாரம். இது இலேசு. ரெண்டுக்கும் நடுவில ஒண்டு இருக்கோணும். அதைக் கண்டுபிடிக்கிறதுதான் என்ர வேலை."

ராகவி தாயைப் பார்த்தாள். தாய் அவளைப் பாராமல் பயற்றங்காயை உடைத்துக்கொண்டிருந்தாள்.

மூர்த்தி நான்காவதையும் அதே சிரிப்போடு வாங்கி வைத்தார். "கடைசி மாடல் ஒண்ணு இருக்கு, அண்ணே. வெள்ளிக்கிழம வரும். அதுக்கு மேல கம்பெனியே செய்யல லா."

"சனிக்கிழமை போட்டி, மூர்த்தி! அவவுக்குப் பழகவே நேரமில்லையே!"

"அக்கா கை நல்ல கை, அண்ணே. பயப்படாதீங்க."

பயப்படாதே என்று சொன்னால் யார்தான் பயப்படாமல் இருந்தார்கள்? அந்த வாரம் முழுவதும் கதிர்காமநாதன் கிடங்கில் நல்ல பெட்டிகளைக் கழித்து, உடைந்த பெட்டிகளை உள்ளே அனுப்பினார். கதிர்காமத்து முருகனுக்கு நேர்த்தி வைத்தார். புதன்கிழமை சரோஜா துப்பாக்கிப் பெட்டியோடு புறப்பட்டபோது, "கொஞ்சம் பொறும் சரோ, வெள்ளிக்கிழமை எல்லாம் சரிவரும்" என்று வாசல்வரை வந்து ஆறுதல் சொன்னார். "ஓம், எனக்குத் தெரியும்" என்றாள். அந்த நம்பிக்கையைக் கேட்டு அவருக்குக் கண்ணில் நீர் முட்டியது.

வெள்ளிக்கிழமை ஐந்தாவது வந்தது. பெட்டி சிவப்பு நிறம். அதுவே நல்ல சகுனமாகப் பட்டது. சமையலறை வெளிச்சத்தில் பார்த்தார். குளியலறையில் விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தார். பின்வளவில் எலுமிச்சை மரத்தடிக்குப் போய், மழைவிட்ட வெயிலில் வேலிப் பலகையின் ஆணியைக் குறி பார்த்தார். உள்ளங்கையில் வைத்து அசைத்தார். கண்ணை மூடினார். திறந்தார்.

"இதுதான்!" என்று அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. "சரோ! பிள்ளை! ஓடி வாங்கோ! இதுதான் சாமான்! நிறத்தைப் பாருங்கோ, செவ்வரத்தம்பூ! வட்டத்தைப் பாருங்கோ! பாரமும் இல்லை, இலேசும் இல்லை. நாலைக் கழிச்சாத்தான் அஞ்சாவது கிடைக்கும் எண்டு நான் சொன்னனோ இல்லையோ?"

ராகவி வாங்கிப் பார்த்தாள். "ஃபைனலி," என்றாள்.

சரோஜா அதைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது. "ஓமப்பா. இது எனக்கு நல்லாப் பிடிச்சிருக்கு. இதையே வைச்சுக்கொள்ளுவம்."

கல்யாண நாளுக்குப் பிறகு தன்னைப் பார்த்து அவள் இப்படிச் சிரித்தது இன்றைக்குத்தான் என்று கதிர்காமநாதனுக்குத் தோன்றியது. சலவை மெசினுக்குக்கூட இப்படிச் சிரிக்கவில்லை.

சனிக்கிழமை காலை, பைன் மரங்களுக்கு நடுவே இருந்த சுடுகளத்தில், சரோஜா மேசையருகே நின்று செம்புள்ளியைத் துப்பாக்கியின் முதுகில் பூட்டினாள். இரண்டே இரண்டு குட்டித் திருகாணிகள். சின்னச் சாவியை வைத்து அவள் சுழற்றிய வேகத்தைப் பார்த்துக் கதிர்காமநாதன் பதறினார்.

"மெதுவா, மெதுவா! புதுச் சாமான்!"

புதிதாகப் பூட்டிய செம்புள்ளி துப்பாக்கியோடு ஒத்துப்போக நேரம் எடுக்கும். புள்ளி ஓரிடம், குண்டு ஓரிடம் என்று முரண்டு பிடிக்கும். சுட்டுச் சுட்டுத்தான் திருத்தவேண்டும். இதையெல்லாம் அவர் காணொளிகளில் பார்த்து வைத்திருந்தார். அதற்கெல்லாம் இனி நேரமில்லை. சரோஜா காதுமூடியைப் போட்டுக்கொண்டு பரீட்சைக்கு மூன்று குண்டு சுட்டாள். திருகாணியை ஒரு பொட்டுத் திருப்பினாள். இன்னொரு குண்டு. அது கரும்புள்ளியின் நட்டநடுவில் விழுந்தது.

"போதும்," என்றாள்.

"பாத்தீங்களோ!" கதிர்காமநாதன் அக்கம்பக்கம் திரும்பிச் சொன்னார். "சாமான் திறமெண்டால் ஏறின உடனேயே சொல்வழி கேக்கும்!"

போட்டி தொடங்கியது. ஒவ்வொருவராகக் கழன்று, மதியத்துக்குள் சரோஜாவும் பழனிவேலும் மிஞ்சினார்கள். இருவருக்கும் சமமான புள்ளி. கடைசிச் சுற்று ஒன்றுதான் பாக்கி.

பழனிவேல் முதலில் சுட்டான். அருமையாகச் சுட்டான். கரும்புள்ளிக்குள்ளே துளை துளையாக விழுந்தது. கடைசிக் குண்டு மட்டும் ஒரு விரலளவு விலகிக் கறுப்பின் ஓரத்தைக் கடித்தது. அவன் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு பின்வாங்கினான்.

சரோஜா முன்னால் வந்தாள். கதிர்காமநாதன் பெரிய மஞ்சள் காதுமூடிக்குள் தலையைக் கொடுத்துக்கொண்டு, வேலிக்குப் பின்னால், முருகா முருகா என்று நின்றார். அவள் கை உயர்ந்தது. நரம்பு தேடும் கை. அவசரமே இல்லாமல் ஒன்று, மூச்சு விட்டு இன்னொன்று. அவள் முகத்தில் போன வருஷத்துச் சுருக்கம் இல்லை, கண்ணை இடுக்கவில்லை, தெரிந்த வீட்டுக்குள் நடந்துபோகிறவளைப்போல நின்றாள். கதிர்காமநாதனால் பார்க்க முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

திறந்தபோது களத்தை நடத்தும் பெண்மணி காகித இலக்கைக் கொண்டுவந்துகொண்டிருந்தாள். அதன் நடுவில் கரும்புள்ளியே இல்லை. எல்லாக் குண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போய், அங்கே ஒரு பெரிய ஓட்டை இருந்தது. அதன் வழியே பைன் மரம் தெரிந்தது.

"என்ர சரோ!"

காதுமூடி போட்டிருந்ததால் தன் சத்தம் அவருக்கே கேட்கவில்லை. மற்ற எல்லோருக்கும் கேட்டது. மரத்திலிருந்த பறவைகள் துப்பாக்கிச் சத்தத்துக்குப் பறக்காதவை, இப்போது பறந்தன. அவர் வேலியைச் சுற்றி ஓடி வந்து, ஊர் பார்க்கிறதே என்ற கூச்சம் துளியும் இல்லாமல் அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார். சரோஜாவும் அழுதாள். இந்தமுறை முகத்தை மூடிக்கொள்ளவில்லை.

"அக்கா, சூப்பருங்க," என்று பழனிவேல் வந்து கை கொடுத்தான். "அண்ணா, கழுதைய எனக்கே புக் பண்ணீருங்."

கதிர்காமநாதன் பெருந்தன்மையோடு அவனைக் கட்டிப்பிடித்தார். கணவரின் பங்கு என்ன என்று யாரோ கேட்டுவிட்டார்கள். அவ்வளவுதான், மேசையருகே ஒரு சின்னக் கூட்டம் சேரும்வரை அவர் ஓயவில்லை. நிறம் எப்படிப் பார்ப்பது, பாரத்தைக் கையால் எப்படி நிறுப்பது, கடைக்காரன் எதைத் தள்ளப் பார்த்தாலும் எப்படி மசியாமல் நிற்பது என்று விளக்கினார். ஒரு வெள்ளைக்காரர் குறிப்புக்கூட எடுத்தார்.

"பொறுமை வேணும். அவசரப்பட்டு முதலாவதையே வாங்கியிருந்தால் இண்டைக்கு இந்த வெற்றி இல்லை!"

"அண்ணா," என்றான் பழனிவேல், உண்மையாகவே மயங்கிப்போய், "எனக்கும் ஒண்ணு நீங்களே செலக்ட் பண்ணிக் குடுத்துருங்."

வாழ்க்கையில் இதைவிட என்ன வேண்டும்? கதிர்காமநாதன் கூட்டத்துக்கு மேலால் எட்டிப் பார்த்தார். போட்டி பார்க்க வந்திருந்த விநாயகமூர்த்தி தேநீர்க் கோப்பையோடு நின்றார்.

"மூர்த்தி, இஞ்ச வாரும்! நான் கழிச்சுவிட்ட அந்த நாலு மொடலின்ர பேரையும் தம்பிக்கு ஒருக்காச் சொல்லும். அவர் தவறியும் அதுகளை வாங்கிப்போடக் கூடாது!"

மூர்த்தி சரோஜாவைப் பார்த்தார். சரோஜா துப்பாக்கிப் பெட்டியைப் பூட்டுவதில் மிகுந்த கவனமாக இருந்தாள்.

"எந்த நாலு, அண்ணே? கடைக்கு வந்தது ஒண்ணே ஒண்ணுதான். 'பெட்டிய மட்டும் மாத்தி மாத்திக் குடுங்க, நான் புதன்கிழமையில அதை வாங்கிட்டுப் போய்ப் பழகிக்கிறேன்'னு அக்கா மொத நாளே சொல்லிட்டாங்களே!"